மூன்றரை வட்டியும் முதல் கிரெடிட் கார்டும்

கல்லூரி மாணவருக்கு ஏற்ற கிரெடிட் கார்டு எது என்று யூடியூபில் தேடினால் வந்து விழும் வீடியோக்கள் கிட்டத்தட்ட ஒரே வரிசையில்தான் பேசுகின்றன. முதலில் கேஷ்பேக் எத்தனை சதவீதம், அடுத்து சினிமா டிக்கெட்டுக்கு என்ன தள்ளுபடி, பிறகு விமான நிலைய லவுஞ்சுக்குள் ஆண்டுக்கு எத்தனை முறை நுழையலாம், கடைசியாகப் போகிற போக்கில் 'பில்லை மட்டும் நேரத்துக்குக் கட்டிவிடுங்கள்' என்று ஓர் அறிவுரை. இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். சம்பளம் வாங்காத ஒருவர் தன் முதல் கார்டைத் தேர்ந்தெடுக்க ஒரே ஓர் அளவுகோல் போதும்: பணம் கட்ட முடியாமல் போகிற மாதத்தில் இந்தக் கார்டு எவ்வளவு சேதம் செய்யும்? அந்தச் சேதத்துக்கு எந்தக் கார்டில் மிகக் குறைந்த வரம்பு இருக்கிறதோ அதுவே நல்ல கார்டு. அப்படிப் பார்த்தால், வீடியோக்களில் பெயருக்குக் கடைசியில் குறிப்பிடப்படும் கார்டு, அதாவது வைப்பு நிதியை ஈடாக வைத்து வாங்கும், பத்து இருபதாயிரம் ரூபாய் லிமிட் கொண்ட, லவுஞ்சும் இல்லாத பளபளப்பும் இல்லாத கார்டு, முதலிடத்துக்கு வந்துவிடுகிறது.

இந்த அளவுகோல் எல்லோருக்குமானது என்று சொல்ல வரவில்லை. மாதச் சம்பளக்காரர் ஒரு மாதம் சறுக்கினால் அடுத்த சம்பளத்தில் சமாளித்துக்கொள்வார்; கேஷ்பேக்கை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு உரிமை உண்டு. மாணவரின் வரவு வேறு மாதிரி. வீட்டிலிருந்து வரும் பணம், அதுவும் அப்பாவுக்கு நெல் பணமோ போனஸோ கைக்கு வந்த பிறகு வரும் பணம். டியூஷன் எடுத்தோ, முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போயோ கிடைக்கும் சில நூறுகள். எப்போது வரும் என்று அலுவலகத்தில் கேட்டாலும் பதில் கிடைக்காத உதவித்தொகை. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு, 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்திலும் 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் வங்கிக் கணக்கில் ஏறும் மாதம் 1,000 ரூபாய். நம் மாணவர்களில் பலருக்குத் தங்கள் பெயரிலேயே வரும் நிலையான வருமானம் இந்த ஆயிரம் மட்டும்தான். மற்ற எந்த வரவுக்கும் தேதி கிடையாது. கார்டு பில்லுக்கு மட்டும் உண்டு.

வங்கிகளுக்கு இது தெரியும். 18 வயது நிரம்பாதவர் செய்யும் கடன் ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. 18 நிரம்பியவரானாலும் சம்பளச் சான்றோ வருமான வரிக் கணக்கோ காட்ட முடியாவிட்டால், ஈடு இல்லாமல் கார்டு கொடுக்க வங்கிகள் பொதுவாக யோசிக்கும். போதாததற்கு, ஈடில்லாக் கடன் வேகமாகப் பெருகுவதைப் பார்த்து ரிசர்வ் வங்கி 2023 நவம்பரில் கடிவாளத்தை இறுக்கியது. கார்டு கடனுக்கு எதிராக வங்கிகள் கணக்கில் கொள்ளவேண்டிய இடர் எடையை, அதாவது எவ்வளவு மூலதனம் ஒதுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அளவை, 125 சதவீதத்திலிருந்து 150 ஆக உயர்த்தியது. ஆக, மாணவருக்குத் திறந்திருக்கும் வாசல்கள் மூன்று. எஃப்டி, அதாவது வைப்பு நிதி, போட்டு அதன்மேல் வாங்கும் கார்டு. அப்பாவோ அம்மாவோ வைத்திருக்கும் கார்டின் கீழ் ஆட்-ஆன் கார்டு. செல்போன் செயலிகள் நீட்டும், பெயரில் கார்டு என்று இல்லாவிட்டாலும் வேலையில் கார்டாகவே இருக்கும் 'பிறகு கட்டு' வகைக் கடன்கள். இந்த மூன்றையும் சேதக் கணக்கில் நிறுத்தும் முன், சேதம் எப்படி நடக்கிறது என்பதை ரூபாய் பைசாவில் பார்த்துவிட வேண்டும்.

கார்டுகளின் வட்டியை வங்கிகள் மாதக் கணக்கில் '3.5 சதவீதம்' என்று அச்சிடுகின்றன. சில கார்டுகளில் 3.75 வரை போகிறது. இதை ஊர்க் கணக்கில் சொன்னால் மூன்றரை வட்டி: நூறு ரூபாய்க்கு மாதம் மூன்றரை ரூபாய், ஆண்டுக்கு 42. வங்கியில் நகையை வைத்தால் ஒரு வட்டிக்கும் கீழேயே கடன் கிடைக்கிற தமிழ்நாட்டில், மூன்று வட்டிக்கு வாங்கினேன் என்று யாராவது சொன்னால் வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அதே பெரியவர்கள் மூன்றரை வட்டிக் கார்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டு பெருமைப்படுவதற்குக் காரணம், அது சதவீதமாக எழுதப்பட்டிருப்பதுதான். அதோடு, வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. அதையும் சேர்த்தால் மாதம் 4.13 ரூபாய்.

இவ்வளவு வட்டியைச் சட்டம் அனுமதிக்கிறதா என்ற கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வசூலிப்பது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2008 ஜூலையில் தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 டிசம்பர் 20 அன்று, உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வட்டி விகிதம் வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான ஒப்பந்த விஷயம், அதை ஒழுங்குபடுத்துவது ரிசர்வ் வங்கியின் வேலை, ஆணையத்துக்கு அதில் இடமில்லை என்பது அதன் சாரம். ரிசர்வ் வங்கியோ குறிப்பிட்ட எண்ணில் உச்சவரம்பு எதையும் வைக்கவில்லை. சட்டரீதியாகத் தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் மாணவருக்கு அதன் பொருள் ஒன்றுதான்: கந்துவட்டிக்கு எதிராக 2003-லிருந்து தமிழ்நாட்டில் இருக்கும் தனிச் சட்டத்தை நினைத்துக்கொண்டு யாரும் இங்கே தைரியமாக இருக்க முடியாது.

வட்டி விகிதத்தைவிடக் கூர்மையானது அது கணக்கிடப்படும் முறை. 50 நாள் வரை வட்டியில்லை என்று விளம்பரத்தில் இருக்கிறதே, அது முழுப் பில்லையும் கட்டுபவருக்கு மட்டும். ஒரு மாணவி ஜூன் 5 அன்று கார்டில் 12,000 ரூபாய் கொடுத்துப் பழைய லேப்டாப் ஒன்று வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 20-ல் பில் வருகிறது. கடைசித் தேதி ஜூலை 10. அன்றைக்கு அவர் கையில் 11,000 இருக்கிறது, கட்டிவிடுகிறார். பாக்கி ஆயிரம்தானே, ஆயிரத்துக்கு வட்டி முப்பத்தைந்து நாற்பது ரூபாய் ஆகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வங்கிகளின் வழக்கமான கணக்குப்படி முழு 12,000-க்கும், வாங்கிய நாளிலிருந்து ஜூலை 10 வரைக்குமான 35 நாளுக்கு வட்டி ஓடும்: 483 ரூபாய். மீதி ஆயிரத்துக்கு அடுத்த பில் நாள் வரை 11 ரூபாய் 50 காசு. ஜிஎஸ்டி 89. மொத்தம் 584 ரூபாய். ஆயிரம் ரூபாய் குறைந்ததற்கு 584 ரூபாய்! இத்தனைக்கும் குறைந்தபட்சத் தொகையைவிடப் பல மடங்கு கட்டியிருப்பதால், இதில் தாமதக் கட்டணம்கூடக் கிடையாது. பாக்கி முழுதாகத் தீரும்வரை, அடுத்து வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பது தனி.

பணம் கட்டச் செயலியைத் திறந்தால் வரும் திரையைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்கலாம். மூன்று வட்டங்கள் இருக்கும். மொத்த நிலுவை, குறைந்தபட்ச நிலுவை, வேறு தொகை. முதல் வட்டத்துக்கு எதிரே 20,000 என்று இருந்தால் இரண்டாவதற்கு எதிரே 1,000 என்று இருக்கும். இரண்டாவதைத் தொட்டாலும் 'வெற்றிகரமாகச் செலுத்தப்பட்டது' என்ற அதே பச்சை டிக் வரும், கடன் வரலாற்றைப் பதியும் சிபிலிலும் கறை படியாது. அதனால்தான் அது ஆபத்து. மாதா மாதம் நிலுவையில் 5 சதவீதம் மட்டும் கட்டி, புதிதாக ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாமல் இருந்தால் ஓராண்டில் என்ன ஆகும் என்று மூன்றரை வட்டியும் ஜிஎஸ்டியும் சேர்த்துப் போட்டுப் பார்த்தால், கட்டியது சுமார் 11,780 ரூபாய், கடன் குறைந்தது சுமார் 2,440 ரூபாய். மீதி 9,300 சொச்சம் வட்டிக்கும் வரிக்கும் போய்விட்டது. இன்னும் 17,500-க்கு மேல் நிற்கிறது. குறைந்தபட்சத் தொகையைக் கட்டியும் கடன் ஏறிக்கொண்டே போகும்படி அதை நிர்ணயிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட கார்டு நெறிமுறைகளில் சொல்லியிருக்கிறது. ஏறக் கூடாது என்றுதான் விதி. வேகமாக இறங்க வேண்டும் என்று விதி இல்லை.

'ஒழுங்காகக் கட்டுகிறவனுக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?' என்பதே இதற்கு வரும் முதல் மறுப்பு. முழுப் பில்லையும் தேதிக்குள் கட்டுபவருக்கு வட்டி பூஜ்யம் என்பது உண்மைதான். ஆனால் இந்த மறுப்பு, பில் கட்டாமல் போவதைக் குணக்கேடாகப் பார்க்கிறது. மாணவர் விஷயத்தில் அது பெரும்பாலும் வரவின் கோளாறு. மெஸ் பில்லும் தேர்வுக் கட்டணமும் ஒரே வாரத்தில் விழுந்து, ஊரிலிருந்து வரவேண்டிய பணம் பத்து நாள் தள்ளிப் போனால், எவ்வளவு ஒழுங்கானவரும் இரண்டாவது வட்டத்தைத்தான் தொடுவார். அமெரிக்கா இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. கல்லூரி வளாகத்தில் மேசை போட்டு, டி-ஷர்ட்டும் பீட்சாவும் கொடுத்து மாணவர்களிடம் கார்டு விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கியது அங்கே ஒரு காலத்தில் சாதாரணக் காட்சி. 2009-ல் ஒபாமா ஆட்சியில் வந்த கார்டு சட்டம் அந்த இலவசங்களுக்குத் தடை போட்டது. 21 வயதுக்குக் கீழே உள்ளவர் தன் சொந்த வருமானத்தில் கடனை அடைக்க முடியும் என்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் உடன் கையெழுத்திடப் பெரியவர் ஒருவர் வேண்டும் என்றது. மாணவரின் மன உறுதியை நம்பிச் சட்டம் எழுதவில்லை, அவருடைய வரவைப் பார்த்து எழுதினார்கள். கார்டைத் தேர்ந்தெடுக்கும்போதும் பார்க்க வேண்டியது அதைத்தான்.

அடுத்தது, கேஷ்பேக் என்பது சும்மா வருகிற பணம், அதை ஏன் விட வேண்டும் என்ற கேள்வி. சும்மா வருகிறது என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். ஒரு மாணவர் மாதம் 8,000 ரூபாயைக் கார்டில் செலவழித்து, எல்லாவற்றுக்கும் ஒரு சதவீதம் திரும்பக் கிடைத்தால் மாதம் 80 ரூபாய். மேலே பார்த்த அந்த 584 ரூபாய்ச் சறுக்கல் ஒன்று போதும், ஏழு மாதக் கேஷ்பேக் காலி. ஐந்து சதவீதம் என்று கொட்டை எழுத்தில் போடும் கார்டுகளில் அது குறிப்பிட்ட ஒரு தளத்துக்கு மட்டும், மாதத்துக்கு இவ்வளவுதான் என்ற வரம்போடு வரும். லவுஞ்ச் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. கோயம்பேடு, கிளாம்பாக்கம் பேருந்து நிலையங்களில் அது செல்லாது. சலுகை சிறியது, சேதம் பெரியது, இரண்டும் ஒரே கார்டில் இருக்கிறது என்னும்போது பெரியதை வைத்து முடிவெடுப்பதுதான் கணக்குத் தெரிந்தவர் செய்வது.

இப்போது மூன்று வாசல்களுக்கும் வருவோம். எஃப்டி கார்டு என்பது இப்படி: வங்கியில் 20,000 ரூபாய் வைப்பு நிதி போட்டால், அதன்மேல் வங்கி உரிமைப் பிடிப்பு வைத்துக்கொண்டு, அந்தத் தொகையில் எழுபத்தைந்து முதல் நூறு சதவீதம் வரை லிமிட் உள்ள கார்டு தரும். பொதுவாக வருமானச் சான்று கேட்பதில்லை. 18 நிரம்பி, ஆதாரும் பானும் இருந்தால் பெரும்பாலும் போதும். பாரத ஸ்டேட் வங்கிக் குழுமத்தின் எஸ்பிஐ கார்டு தொடங்கி ஐசிஐசிஐ, ஆக்சிஸ், கோட்டக், ஐடிஎஃப்சி ஃபர்ஸ்ட் எனப் பலரிடமும் இந்த வகை உண்டு. இதற்கு எதிராக வரும் மறுப்பு நியாயமானது: கையில் இருபதாயிரம் இருக்கிறவன் அதைப் பூட்டி வைத்துவிட்டு, அதே இருபதாயிரத்தைக் கடனாக வாங்குவானேன்? வாங்குவது கடனுக்காக அல்ல என்பதே பதில். எஃப்டிக்கு அதன் வட்டி வந்துகொண்டே இருக்கும். கார்டில் மாதம் ஆயிரம் இரண்டாயிரம் செலவழித்து முழுசாகக் கட்டிக்கொண்டே வந்தால், கடன் தகவல் நிறுவனங்களில் மாணவரின் பெயரில் ஒரு நல்ல வரலாறு பதிவாகும். எல்லாம் தவறிப் போகும் மாதத்தில், எஃப்டியை முறித்துப் பில்லை அடைத்துவிட்டு வெளியே வந்துவிடலாம். சேதத்தின் உச்சவரம்பு அந்த எஃப்டிதான். அதற்கு அப்பால் ஊரில் இருக்கும் வீட்டுக் கதவை யாரும் தட்டப்போவதில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும் வேண்டும். எஃப்டி இருக்கிறதே என்று வட்டியைப் பல வங்கிகள் குறைப்பதில்லை, அதே மூன்றரைதான். பில்லைக் கட்டாமல் விட்டு, வங்கியே எஃப்டியில் எடுத்துக்கொள்ளட்டும் என்று இருந்தால் பணம் தீர்ந்தாலும் வரலாற்றில் தாமதம் பதிவாகிவிடும். முறிப்பதாக இருந்தால் கடைசித் தேதிக்கு முன்பே, நாமே முறிக்க வேண்டும்.

ஆட்-ஆன் கார்டு பார்வைக்குப் பாதுகாப்பானது, குடும்பத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. வெளியூர் விடுதியில் இருக்கும் பெண்ணுக்கு அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அம்மா வாங்கிக் கொடுத்தால் அதில் தவறு காண ஒன்றுமில்லை. ஆனால் அதை 'முதல் கார்டு' என்று கணக்கில் சேர்க்கக் கூடாது. ரிசர்வ் வங்கி விதிப்படி ஆட்-ஆன் கார்டில் ஏறும் கடனுக்கு மூலக் கார்டுக்காரரே பொறுப்பு. வரலாறும் அவர் பெயரில்தான் பொதுவாகப் பதிவாகும். மகன் கட்டத் தவறினால் அடி விழுவது அம்மாவின் சிபிலில். அடுத்த ஆண்டு தங்கையின் படிப்புக்குக் கல்விக் கடன் கேட்டுப் போகும்போது அது தெரியவரும். சேதம் சிறிதாவதில்லை, இடம் மாறுகிறது, அவ்வளவே. கொடுப்பதாக இருந்தால் ஆட்-ஆனுக்குத் தனியாக ஒரு சிறிய லிமிட் வைக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பது நல்லது.

மூன்றாவது வாசலைப் பற்றி மென்மையாகச் சொல்ல வழியில்லை. வருமானம் காட்டத் தேவையில்லை, ஐந்து நிமிடத்தில் லிமிட் என்று மாணவர்களையும் புதிதாக வேலைக்கு வந்தவர்களையும் குறிவைத்துச் சில நிதித் தொழில்நுட்ப நிறுவனங்கள் களமிறங்கின. ஸ்லைஸ் அவற்றில் அதிகம் பேசப்பட்டது. பார்வைக்குக் கிரெடிட் கார்டு, உள்ளே இருந்தது முன்பணக் (ப்ரீபெய்ட்) கார்டும் அதில் ஊற்றப்படும் கடனும். கடன் பணத்தை முன்பணக் கார்டுகளில் ஏற்றக் கூடாது என்று 2022 ஜூன் 20 அன்று ரிசர்வ் வங்கி சொன்னதும் அந்த மாதிரியே நின்றுபோனது. அந்த வடிவம் போனாலும் அதே ஆசை வேறு வடிவங்களில் தொடர்கிறது: பொருள் வாங்கும் இடத்திலேயே 'பிறகு கட்டு' பொத்தான், வட்டியில்லா இஎம்ஐ என்ற பெயரில் செயல்முறைக் கட்டணமும் வட்டிமேல் ஜிஎஸ்டியும் வாங்கும் செல்போன் கடன். இவற்றில் ஒவ்வொரு சிறு தொகையும் தனிக் கடனாகப் பதிவாகக்கூடும். நான்கு செயலிகளில் நான்கு சிறு கடன் வைத்திருக்கும் மாணவருக்கு எதற்கு எந்தத் தேதி என்பதே நினைவில் நிற்காது. ஈடு இல்லை, ஒரே பில் இல்லை, ஆகவே உச்சவரம்பும் இல்லை. இந்த வாசல் வழியாகப் போக வேண்டிய தேவை எந்த மாணவருக்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, 'எப்படியாவது சீக்கிரம் ஒரு கார்டு வாங்கி ஸ்கோர் ஏற்றியாக வேண்டும்' என்ற அவசரம் இருக்கிறதே, அதையும் பார்த்துவிடுவோம். 300-லிருந்து 900 வரை போகும் சிபில் எண் இல்லாமல் பிற்காலத்தில் வீட்டுக் கடனே கிடைக்காது என்று பயமுறுத்திக் கார்டு விற்கிறார்கள். முதல்முறை கடன் கேட்பவருக்குக் கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருப்பதை மத்திய நிதித்துறை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்தியது. அது மட்டுமல்ல, கல்விக் கடன் வாங்கிப் படிக்கும் மாணவருக்கு வரலாறு ஏற்கெனவே தொடங்கிவிட்டது, அந்தக் கடனும் அதே ஏட்டில்தான் பதிவாகிறது. வரலாறு இல்லாதது ஒரு குறை. கெட்ட வரலாறு இருப்பது அதைவிடப் பெரிய குறை. வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இது வெறும் அறிவுரையாக இருக்காது. கடனையோ கிரெடிட் கார்டு பாக்கியையோ கட்டத் தவறி, அது சிபில் அறிக்கையில் பாதகமாகப் பதிவாகியிருப்பவர்கள் தகுதியற்றவர்கள் என்ற நிபந்தனையின்கீழ், பாரத ஸ்டேட் வங்கி ஓர் அலுவலர் பணி நியமனத்தை ரத்து செய்தது. பாக்கியெல்லாம் அடைத்தாகிவிட்டது என்று நியமனம் இழந்தவர் வாதிட்டும், சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் வங்கியின் முடிவையே சரி என்றது. இரண்டு மூன்று ஆண்டுத் தாமதங்கள் மாத வாரியாக அறிக்கையில் நிற்கும். முதல் ஆண்டில் வாங்கிய கார்டின் குளறுபடி, கேம்பஸ் இன்டர்வியூ முடிந்து வேலைக்குச் சேரும்போதும் அங்கேயே இருக்கும். அதனால் முதல் கார்டுக்கு மூன்றாம் ஆண்டோ இறுதி ஆண்டோ தாராளமாகப் போதும்.

எஃப்டி போட இருபதாயிரத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்குச் சொல்லக்கூடிய நேர்மையான பதில், இப்போதைக்குக் கார்டு வேண்டாம் என்பதே. இதில் ஒரு வர்க்கப் பாரபட்சம் இருப்பதை மறுக்கவில்லை. கையில் பணம் இருப்பவருக்கே நல்ல கடன் வரலாறு எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் அந்தப் பாரபட்சத்துக்கு மருந்தாக ஈடில்லாத மூன்றரை வட்டிக் கடனைக் கையில் திணிப்பது, மாணவரின் பக்கம் நிற்பது ஆகாது. யுபிஐயும் டெபிட் கார்டும் அன்றாடத் தேவைக்குப் போதும். சில வங்கிகள் சில ஆயிரங்களில் தொடங்கும் எஃப்டிக்கும் கார்டு தருகின்றன. அது கைக்கு எட்டும் காலத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

எஃப்டி கார்டுகளுக்குள் எதை எடுப்பது என்பதில் அதிகம் குழம்ப வேண்டியதில்லை. வருடாந்திரக் கட்டணம் என்றைக்கும் கிடையாது என்று எழுத்தில் இருக்க வேண்டும். 'முதல் ஆண்டு இலவசம்' என்பது வேறு. 'மிக முக்கிய நிபந்தனைகள்' என்ற தலைப்பில் வங்கி கட்டாயமாகத் தரும் தாளில் நான்கைந்து எண்களைத் தேடிப் பார்க்க வேண்டும்: மாத வட்டி, தாமதக் கட்டணம், ஆட்டோ டெபிட் திரும்பினால் அபராதம், ஏடிஎம்மில் பணம் எடுத்தால் என்ன. கடைசியாகச் சொன்னது பல கார்டுகளில் இரண்டரை சதவீதம் அல்லது 500 ரூபாய், எது அதிகமோ அது; இரண்டாயிரம் எடுத்தால் கட்டணமே ஜிஎஸ்டியோடு 590, வட்டியும் அன்றே ஓடத் தொடங்கும். ரூபே கார்டை யுபிஐயோடு இணைக்கும் வசதி 2022-லிருந்து இருக்கிறது. வசதிதான், ஆனால் டீக்கடையிலும் கடன் சொல்லும் பழக்கம் அதில்தான் தொடங்கும், இணைக்காமல் இருப்பதே மேல். கார்டு வந்ததும் ஆட்டோ டெபிட்டைப் போடும்போது 'மொத்த நிலுவை' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'குறைந்தபட்சம்' என்றும் ஒரு தேர்வு பக்கத்திலேயே இருக்கும். பில் தேதியை ஒருமுறையாவது மாற்றிக்கொள்ளும் உரிமையை ரிசர்வ் வங்கி கொடுத்திருக்கிறது. வீட்டிலிருந்து பணம் வரும் நாளுக்கு இரண்டு மூன்று நாள் கழித்துக் கடைசித் தேதி வரும்படி வைத்துக்கொள்ளலாம். கடைசித் தேதி தாண்டினாலும் மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் போடலாம், கடன் தகவல் நிறுவனத்துக்குச் சொல்லலாம் என்பதும் விதி. வெளிநாட்டுப் பரிவர்த்தனையைச் செயலியில் அணைத்துவைப்பது, கேட்காமல் லிமிட்டை உயர்த்தவா என்று வரும் அழைப்புகளுக்கு வேண்டாம் என்பது, இவையெல்லாம் ஐந்து நிமிட வேலை.

வேலை கிடைத்துச் சம்பளக் கணக்கு தொடங்கியதும் அந்த வங்கியே ஈடில்லாத கார்டோடு வந்து நிற்கும். அப்போது கேஷ்பேக்கை ஒப்பிடலாம், லவுஞ்சையும் பார்க்கலாம். பழைய எஃப்டி கார்டுக்குக் கட்டணம் இல்லையென்றால் வைத்துக்கொள்வதே நல்லது, வரலாற்றுக்கு நீளம் சேரும். மூடுவதாக இருந்தால், பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும் என்று 2022 நெறிமுறைகளில் இருக்கிறது. கோரிக்கையை மின்னஞ்சலில் அனுப்பினால் தேதிக்குச் சாட்சி இருக்கும். எஃப்டி மேல் இருந்த பிடிப்பு நீங்கியதா என்று பார்த்துவிட்டு, ஒரு மாதம் கழித்துக் கடன் அறிக்கையை இறக்கிக் கணக்கு மூடப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறதா என்றும் சரிபார்க்க வேண்டும். சிபில் உட்பட நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தருகின்றன. தவறைச் சுட்டிக்காட்டி முறையிட்டு 30 நாளில் திருத்தாவிட்டால், அதற்குப் பிந்தைய ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம்.